எம்.டி.எஃப். கதவைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கலாமா?

பழைய எம்.டி.எஃப். கதவைத் தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தால் தேக்குக் கதவு போலாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. மரநாரைப் பிசினுடன் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்யும் இப்பலகையில் மரரேகையே கிடையாது. வார்னிஷ் அடித்தால் அட்டை போன்ற பழுப்பு நிறம்தான் தெரியும். தண்ணீர் அதைவிடக் கெடுதல்: அறுத்த விளிம்பில் ஈரம் ஏறினால் நார்கள் உப்பிவிடும், காய்ந்த பிறகும் அந்த உப்பல் முழுமையாக வற்றாது, குளியலறைக் கதவின் அடிப்பகுதி ஏடு ஏடாகப் பிரிந்து நிற்பது இதனால்தான். முகக்கவசம் அணிந்து, 220 எண் உப்புத்தாளால் பழைய பெயிண்டின் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் ஈரமின்றித் தேய்த்து, தூசியைத் துடைத்தபின், விளிம்புகளுக்கு ஆயில் பிரைமரை இரண்டு முறை கொடுத்து, அதன்மேல் எனாமல் அடிப்பதே சரியான முறை. அடிவிளிம்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கதவைக் கழற்றினால்தான் அங்கே பிரஷ் எட்டும்.