எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது என்றால் எதைக் கூட்டுவது?

மழைக்காலம் தொடங்கினால் போதும், சூரணம், ஜூஸ், சத்துமாவு, மாத்திரை என எல்லாவற்றிலும் "இம்யூனிட்டியைக் கூட்டும்" என்று ஒட்டிவிடுகிறார்கள். எதைக் கூட்டும், எவ்வளவு கூட்டும், எந்த நாளில் கூட்டும் என்று மட்டும் எந்த டப்பாவிலும் இருக்காது. கூடினால் நல்லதுதானே என்று நாமும் வாங்கிவிடுகிறோம். இந்த எண்ணமே தப்பு என்பது என் கட்சி.

புது வைரஸுக்கு ஆன்டிபாடி, அதாவது அதைக் குறிவைத்துப் பிடிக்கும் புரதம், தயாராக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை தாக்குப்பிடிப்பது பிறவியிலேயே நமக்கு இருக்கும் பாதுகாப்புதான். ஃப்ளூவை எடுத்துக்கொள்வோம். மூக்கில் ஒரு செல்லுக்குள் புகுந்து அது பிரதி எடுக்கும் ஆர்என்ஏவின் (வைரஸின் மரபுச் செய்தி இருக்கும் இழை) நுனி, நம்முடையதைப் போல மூடியிருக்காது. ரிக்-ஐ என்ற புரதம் இதைக் கண்டுபிடித்ததும் செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும். இன்டர்ஃபெரான் வைரஸைத் தொடுவதுகூட இல்லை. தெருவில் ஒருவர் "திருடன்" என்று கத்தினால் மற்ற வீடுகள் கதவைச் சாத்துகிற மாதிரி, பக்கத்துச் செல்கள் நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிட்டு, வைரஸ் வந்தால் அதன் ஆர்என்ஏவை வெட்டவும், தேவைப்பட்டால் தங்கள் சொந்தப் புரத உற்பத்தியையே நிறுத்தவும் தயாராகிவிடும். 1957இல் லண்டன் மில் ஹில்லில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கோழி முட்டைச் சவ்வில் செத்த ஃப்ளூ வைரஸை வைத்துக் கண்டுபிடித்த பொருள் இது. வைரஸும் லேசுப்பட்டதில்லை, ஃப்ளூவின் என்எஸ்1 புரதத்துக்கு முக்கிய வேலையே இந்தச் சத்தத்தை அமுக்குவதுதான்.

அப்புறம் அந்த உடம்புவலி, குளிர் நடுக்கம், அசதி? அதில் பெரும்பங்கு நம் உடம்பே சுரப்பவற்றின் வேலை. முன்பு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய் வந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டபோது, ஃப்ளூவே இல்லாமல் அதே காய்ச்சலும் வலியும் வந்து பலர் படுத்துவிட்டார்கள். அதாவது, கூட்டிப் பார்த்தாயிற்று, கூட்டினால் இப்படித்தான் இருக்கும்.

குறைந்தாலும் ஆபத்துதான், இல்லை என்று சொல்லவில்லை. 2020இல் உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரைச் சோதித்த ஓர் ஆய்வில், 101 பேரின் ரத்தத்தில் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். இவர்களுக்கு எந்தக் கஷாயத்தைக் கொடுத்து எதைக் கூட்டுவது?

மறுபக்கம், எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயாளிகள். வைரஸே இல்லாதபோதும் பலருக்கு இன்டர்ஃபெரான் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கும், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று எல்லாம் அடிபடும். 2021இல் அமெரிக்காவில் இவர்களுக்காக அனுமதி பெற்ற அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து செய்வது இன்டர்ஃபெரான் செல்லில் வந்து உட்காரும் இடத்தை அடைப்பதைத்தான். இவர்கள் வீட்டுக்கும் அதே இம்யூனிட்டிப் பொடியைத்தான் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.