பிளஸ் ஒன் இயற்பியல் என்ன பாவம் செய்தது?

நேற்று முழுக்க எல்லாக் குழுக்களிலும் சுற்றிய அந்தப் பள்ளி நோட்டீஸ் பற்றித்தான். பதினொன்றாம் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடுவார்களாம். அதற்குக் கீழே பெற்றோர்களின் கைகூப்பல், பூங்கொத்து வேறு! இந்தத் திருட்டுத்தனத்தை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள். இனி யார் கேட்பது?

பிளஸ் ஒன் இயற்பியலை விட்டுவிட்டு பிளஸ் டூ இயற்பியலை நடத்த முடியாது. மனப்பாடம் செய்யவைக்கலாம், அது வேறு தொழில்.

என் அக்கா மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தாள். காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வட்டமடிப்பதை அட்சரம் பிசகாமல் எழுதிக் காட்டினாள். "இந்த எம்.வி. ஸ்கொயர் பை ஆர் எங்கிருந்து வந்தது கண்ணு?" என்றேன். "அது அப்படித்தான் வரும் மாமா." அது மையநோக்கு விசை, வட்டமடிக்கும் பொருளை மையத்தை நோக்கி இழுக்கும் விசை. ஒன்பதாம் வகுப்பில் பெயராக வருகிறது, பத்தாம் வகுப்பில் நியூட்டன் விதிகள், பிளஸ் ஒன்னில் வெக்டரோடு (திசையும் சேர்ந்த அளவு) சேரும்போதுதான் உறைக்கிறது. அந்த வருடத்தையே தூக்கிவிட்டால் அவள் வேறென்ன சொல்வாள்? ஸ்பிரிங்கில் ஆடும் எடையைப் படிக்காத பிள்ளைக்கு எல்.சி. அலைவும் (கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஆடுவது) அப்படித்தான் வரும்.

"நீட்டுக்கு பிளஸ் ஒன் பாடமும் உண்டே, நடத்தாமலா இருப்பார்கள்?" என்று குழுவில் கேட்கிறார்கள். நடத்துவார்கள், தனிக் கட்டணத்தில், சூத்திரத் தாளாக. "அப்போ மறுபடி பொதுத்தேர்வு வேண்டுமா?" வேண்டாம். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு கொடுமைதான். தேர்வு இல்லையென்றால் பாடமே இல்லை என்று யார் சொன்னது? "மார்க் வந்தால் போதாதா?" போதும் சாமி.

அப்புறம் ஒருவர், "அரசுப் பள்ளியில் நீங்கள் என்ன கிழித்தீர்கள், சம்பளம்தான் வாங்குகிறீர்கள்" என்று எழுதியிருந்தார். சிரிப்புக் குறி போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. பார்த்தேன்.

போன வாரம் பிளஸ் ஒன் செய்முறையில் ஸ்டோக்ஸ் சோதனை, திரவத்தின் பாகுநிலையை அளப்பது. உயரமான ஜாடியில் விளக்கெண்ணெய். கண்ணாடிக் குண்டைப் போட்டால் கொஞ்ச தூரம் வேகமெடுத்து, பிறகு ஒரே சீராக இறங்கும். கடைசி பெஞ்சுப் பையன் ஸ்டாப்வாட்சை அமுக்க மறந்து, "ஏன் சார் அதுக்கு மேல வேகம் போகல?" என்றான். எண்ணெயின் பிசுபிசுப்பால் மேலிழுக்கும் பாகியல் விசை, மிதப்பு விசை, எடை என்று மூன்று அம்புக்குறிகளையும் அவனே போர்டில் போட்டான். எந்த நோட்டீஸிலும் இது வராது.

அந்த விளக்கெண்ணெய் என் காசு. சம்பளக் கணக்குப் பார்க்கிறவர்கள் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ரசீது வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள்.