பொன்னாடையை வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியைக் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் சங்க மண்டபத்துப் பாராட்டு விழாவில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அந்தக் காணொளியைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் சாட்ஸ்வொர்த்தில் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது. மீதிப் பாதிக்கு இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். "பாவம், இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" என்று எனக்கே அனுப்பிக் கேட்டவர்களும் உண்டு. அந்தப் பிள்ளை என் தம்பி, ஆட்டிசம் உள்ளவன். ஒலிபெருக்கி கிறீச்சிட்டது, அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான், தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டான். உடனே மூன்று தொண்டர்கள் பின்னாலிருந்து அவன் கைகளை முறுக்கிப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். அதற்குச் சற்று முன்புதான் அதே மேடையில் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, "தியாகத் திருவுருவம்" என்று தூய தமிழில் வாழ்த்துரை வாசித்திருந்தார்கள். அதனால்தான் நானும் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நிர்வாகக் குழுவின் பெரியவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் காரணத்துக்காவது இந்த முறை அவர்கள் கோபப்பட வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் மேடையேற்றி விழா எடுக்கிறவர்கள், அந்தச் செலவில் கால்வாசியையாவது பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தாய்மாருக்குப் பயிற்சி, தொண்டர்களுக்குப் பயிற்சி. முடிந்தால் ஒலிபெருக்கியை இயக்குகிற பையனுக்கும்.

பயிற்சி என்றதும் ஏதோ பல்கலைக்கழகப் படிப்பு என்று மிரள வேண்டாம். ஆட்டிசம் உள்ள ஒருவருக்குச் சத்தம் தாங்காமல் போகிற நேரத்தில் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். சத்தத்தைக் குறைக்க வேண்டும். கூட்டத்தை விலக்க வேண்டும். அதட்டக் கூடாது, ஆளுக்கொரு யோசனை சொல்லக் கூடாது, பின்னாலிருந்து தொடவே கூடாது. அவனாக அடங்கும்வரை பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். இதை ஒரு சனிக்கிழமை முற்பகலில், நடுவே சமோசாவுக்கும் தேநீருக்கும் இடைவேளை விட்டே, சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த மூவரும் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் எங்கள் தெருக்காரர், தினமும் தம்பியைப் பார்த்துக் கையசைப்பவர். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"தாய்க்கு யார் சொல்லித்தர வேண்டும்? அன்பு இருந்தால் போதாதா?" என்று முந்தைய பதிவின் கீழே ஒரு மாமா கேட்டிருந்தார். மாமா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்பு போதாது. எங்கள் வீட்டில் அன்புக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அம்மா தம்பிக்கு வாலிப வயது வரை தானே காலுறை மாட்டிவிட்டாள். அவனால் முடியாது என்றே நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற செயல்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவர் வந்தார், இளம் பெண், ஜூலு பேசுபவர். காலுறையைத் தம்பியின் குதிகால் தாண்டிக் கணுக்கால்வரை அவரே மாட்டி, மேலே இழுக்கிற கடைசி வேலையை மட்டும் அவனிடம் விட்டார். அவன் இழுத்தான். "முடித்துவிட்டாய்" என்று கைதட்டினார். அடுத்தடுத்த வாரங்களில் குதிகாலோடு நிறுத்தினார், அப்புறம் பாதி பாதத்தோடு, அப்புறம் விரல் நுனியோடு. கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுத்துப் பின்னோக்கி வருவது அவர்கள் முறை. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான், அதனால் அலுத்துப்போக மாட்டான். இன்றைக்குத் தம்பி காலுறையும் போட்டுக்கொள்கிறான், சட்டைப் பொத்தானும் மாட்டுகிறான். மேல் பொத்தானுக்கு மட்டும் இன்னும் என்னைத்தான் கூப்பிடுவான். கூப்பிடுவது சோம்பலால் என்று எனக்குச் சந்தேகம். இதை எந்தத் தாயும் வயிற்றில் சுமக்கும்போதே கற்றுவருவதில்லை.

இது காலுறை. உயிர்போகிற சங்கதிகளும் இருக்கின்றன. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தலையை மல்லாத்தி வைத்துச் சோறு ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும், நுரையீரலில் சளி கட்டும், நிமோனியா வரும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டி பேத்தியை மடியில் படுக்கவைத்துத்தான் ஊட்டுவாள். அந்த மடியைவிடப் பாசமான மடியை நான் பார்த்ததில்லை. பேத்திக்கு மார்ச்சளி விடவே விடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, சின்ன வாயாக ஊட்ட வேண்டும் என்று ஒருவரும் அந்தப் பாட்டியிடம் சொன்னதில்லை. அவளுக்கும் ஒரு பொன்னாடை கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. 2 முதல் 9 வயது வரையிலான, வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கானது. 9 குழு வகுப்புகள், 3 முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது, அவ்வளவுதான். வகுப்பெடுக்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் போதும் என்று யோசித்தே அதை அமைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்பவர் தன் உடலையும் மனத்தையும் எப்படிப் பேணுவது என்பதற்கும் அதில் இடம் உண்டு. தியாகம் செய்வது எப்படி என்ற பாடம் அதில் இல்லை.

அடுத்தது, "மற்ற பக்தர்களுக்குத் தொந்தரவு" என்ற பேச்சு. இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடியின்போது சாமி வந்து ஒருவர் கத்துகிறார், நடுங்குகிறார், தரையில் விழப் போகிறார். நாம் என்ன செய்கிறோம்? அவரைச் சுற்றி நின்று இடிபடாமல் காக்கிறோம், விபூதி பூசுகிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், அவர் தெளியும்வரை காத்திருக்கிறோம். கையை முறுக்கி வெளியே தள்ளியதை நான் பார்த்ததில்லை. ஆக, கத்துகிற ஒருவரைச் சுற்றி எப்படி நிற்பது என்பது நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. என் தம்பி கத்தினால்தான் மறந்துபோகிறது.

"நல்லது செய்கிறவர்களையே குறை சொல்கிறாயே" என்பவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: தொண்டு என்ற பெயர் மட்டும் இருந்து பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த நாடு ஏற்கனவே பார்த்திருக்கிறது. 2016இல் கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறையினர், லைஃப் எசிடிமெனி என்ற இல்லங்களிலிருந்து மனநலப் பராமரிப்பில் இருந்தவர்களை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் உட்பட, அள்ளிக்கொண்டுபோய் உரிமமும் பயிற்சியும் வசதியும் இல்லாத தொண்டு அமைப்புகளிடம் விட்டார்கள். 144 பேர் இறந்தார்கள். பட்டினியாலும் கவனிப்பு இல்லாமலும் இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி டிக்காங் மொசெனெக்கே அதைப் பற்றி நடத்திய விசாரணையில் அந்தக் குடும்பங்கள் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மா எழுந்து போய்விட்டாள். "நம் சங்கத்தை அதோடு ஒப்பிடுகிறாயா?" என்று சண்டைக்கு வருவார்கள். ஒப்பிடவில்லை. நம் சங்கத்தில் யாரும் சாகவில்லை, அன்னதானமும் அருமையாக இருந்தது. நான் சொல்வது, ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்கிற எவருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான். சரி, கொஞ்சம் ஒப்பிடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை" என்று சொல்பவர்கள் பாதி சரி. 2001இலேயே எல்லாப் பிள்ளைகளையும் உள்ளடக்கிய கல்வி என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். 2010இல் மேற்கு கேப் உயர் நீதிமன்றம், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு, அதை அரசு மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்களின் ஊழியர்களுக்கு முறையான பயிற்சியும் ஊதியமும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் ஆணையில் சொன்னது. கவனியுங்கள், நீதிமன்றமே பயிற்சி என்கிறது. ஐந்து ஆண்டு கழித்து 2015இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் (ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச்) வெளியிட்ட அறிக்கையில், குறைபாடு உள்ள ஏறத்தாழ ஐந்து லட்சம் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்ற மதிப்பீடு இருந்தது. பிள்ளையின் பராமரிப்புக்கென்று வருகிற உதவித்தொகையோ 18 வயதில் நின்றுவிடும். பெரியவர்களுக்கான தொகைக்குப் புதிதாக விண்ணப்பித்து, மறுபடி மருத்துவச் சோதனைக்கு நிற்க வேண்டும். பதினெட்டாம் பிறந்தநாளில் ஆட்டிசம் குணமாகிவிட்டதா என்று பார்க்கிறார்களோ என்னவோ. அரசாங்கத்தைத் திட்ட வேண்டிய அன்றைக்கு உங்கள் எல்லோரோடும் சேர்ந்து நானும் திட்டுவேன். ஆனால் என் தம்பியின் கையை முறுக்கியவர் அமைச்சர் இல்லை.

இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியே தம்பியை மரத்தடியில் உட்காரவைத்து நின்றுகொண்டிருந்தபோது, உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்தார். என் தோளைத் தட்டி, "உனக்குக் கல்யாணம் ஆகாததும் நல்லதற்குத்தான், அம்மாவுக்குப் பிறகு நீ பார்த்துக்கொள்ளலாம்" என்றார். ஆறுதல் சொன்னாராம். பெரியம்மா, நான் பார்த்துக்கொள்வேன், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? எனக்குப் பிறகு யார்? இந்த ஊரில் இத்தனை மாமா, சித்தி, அண்ணன், அண்ணி இருக்கிறார்கள். தம்பியை ஒரு பிற்பகல் தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பசித்தால் அவன் என்ன செய்வான், பயந்தால் என்ன செய்வான், எந்தப் படத்தைக் காட்டினால் குளிக்கப் போவான் என்று கேட்டவர்களே இல்லை. அம்மாவுக்கு முதுகு போய்விட்டது. அவன் முரண்டுபிடித்துத் தரையில் உட்கார்ந்த நாட்களில் எல்லாம் தூக்கித் தூக்கிப் போனது. தூக்கவே தேவையில்லை, அவனாக எழவைக்க வழி இருக்கிறது என்று அந்தச் செயல்வழிச் சிகிச்சையாளர் வந்து சொன்னபோது முதுகு ஏற்கனவே போயிருந்தது. அந்த முதுகின் மேல்தான் ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை போர்த்தினீர்கள்.

"நீயே முன்னின்று நடத்தேன்" என்பீர்கள். நடத்தமாட்டேன். பகலில் வேலை, மாலையில் தம்பி. இதற்கு மேலும் நானே சுமக்க வேண்டுமா? பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கோபுரத்துக்குப் புது வண்ணம் பூச எவ்வளவு விரைவில் பணம் திரண்டது என்று எல்லோருக்கும் தெரியும், நாங்களும்தான் கொடுத்தோம்.

அடுத்த காவடிக்கு முன்பு மண்டபத்தில் சத்தம் வராத ஓர் அறை, பயிற்சி பெற்ற இரண்டு தொண்டர்கள், தாய்மாருக்கும் வீட்டாருக்கும் ஒரு வகுப்பு வரிசை. அதுவரை எங்கள் வீட்டுச் சந்தா வராது. பொருளாளர் ஐயாவுக்குத் தனியாகவும் எழுதி அனுப்பிவிட்டேன்.