ஐந்தாம் ஸ்தலத்து உத்தரம்

போன தவக்காலத்தில் லண்டனில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "அப்பா, சிலுவைப்பாதைக்குப் போகலாம் வாங்க" என்று கூப்பிட்டாள். இயேசுவுக்குத் தீர்ப்பிட்டதிலிருந்து அவரை அடக்கம் செய்தது வரை பதினான்கு ஸ்தலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நின்று ஜெபிப்பதுதான் சிலுவைப்பாதை. நானும் ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்த இடம் ஒரு பழைய கோயிலை ஒட்டிய கூடம். வாசலில் ஒரு பையன் ஹெட்போனை நீட்டி, "இது ஆர்ட் இன்ஸ்டலேஷன், இன்டராக்டிவ், எதை வேண்டுமானாலும் தொடலாம்" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவனுக்குச் சிலுவைப்பாதை எப்போது இன்டராக்டிவ் இல்லாமல் இருந்தது? பதினான்கு தடவை முழந்தாளிட்டு, பதினான்கு தடவை எழுந்து, பெரிய வெள்ளி வெயிலில் செருப்பில்லாமல் தெருவைச் சுற்றி வந்த கால் இது. பாட்டிமார் ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்போது வரும் "அம்மாடி" சத்தமும் ஜெபத்தில் சேர்த்திதான்.

சிலுவைப்பாதையின் விதியே அப்படி. சுவரில் இருக்கும் படங்கள் கட்டாயம் இல்லை, பதினான்கு சிலுவைகள்தான் கட்டாயம். அப்புறம், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர வேண்டும். கூட்டம் அதிகமானால் முன்நின்று நடத்துகிறவராவது நகர வேண்டும். நின்ற இடத்திலேயே எல்லாரும் வாசித்து முடித்தால் கணக்கில் வராது. எண்ணிக்கை பதினான்கு என்று உறுதிப்பட்டதே 1731இல், பன்னிரண்டாம் கிளமெண்ட் பாப்பரசர் காலத்தில். அதற்கு முன்னால் ஊருக்கு ஒரு கணக்கு. ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தில் 1505ஐ ஒட்டி ஆடம் க்ராஃப்ட் என்ற சிற்பி செதுக்கியவை ஏழுதான். ஒவ்வொன்றிலும், இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் வீட்டிலிருந்து இத்தனை அடி என்று எழுதியிருக்கும். எருசலேமுக்குப் போக வசதி இல்லாதவர்கள் அந்த அடிகளை எண்ணிக்கொண்டே கல்லறைத் தோட்டம் வரை நடந்தார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இத்தாலியின் வராலோ மலை. எருசலேமில் இருந்துவிட்டு வந்த பெர்னார்தினோ காய்மி என்ற பிரான்சிஸ்கன் சாமியார், 1491இல் அந்த மலையிலேயே ஒரு எருசலேமைக் கட்டத் தொடங்கினார். சிற்றாலயத்துக்குச் சிற்றாலயம் ஆள் உயரச் சுடுமண் உருவங்கள், சிலவற்றுக்கு நிஜ முடி. வந்தவர்கள் அந்த உருவங்களுக்கு நடுவே போய் நிற்கலாம். படைவீரனின் தோளுக்குப் பக்கத்தில் உங்கள் தோள். பிற்பாடு அதற்கெல்லாம் மரச்சட்டம் அடித்து, ஓட்டை வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, குறை கண்டுபிடிக்கத் தயாராகத்தான் உள்ளே போனேன். குறைக்குப் பஞ்சம் இல்லை. முதல் ஸ்தலத்தில் பிலாத்து கை கழுவிய மாதிரி நாமும் கழுவ ஒரு கிண்ணம். தண்ணீர் இளஞ்சூடு, வெள்ளைத் துண்டு, லேவண்டர் வாசனை வேறு. ஆறாவதில், இயேசுவின் முகத்தைத் துடைத்தபோது அந்த முகம் பதிந்ததாகச் சொல்லும் வெரோனிக்காவின் துணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி, அதில் நம் முகம். யோசனை உடனே புரிந்துவிட்டது. அதுதான் பிரச்சினை, புரிந்த நிமிஷமே நகர்ந்துவிட்டேன். ஒன்பதாவதில் நம் பாவத்தைச் சீட்டில் எழுதி, பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் துண்டு துண்டாக்கும் அதே மெஷினில் விட வேண்டும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுதானே கஷ்டமே? மெஷினுக்கு என்ன வெட்கம்!

ஆனால் ஐந்தாவது.

தரையில் பழைய வீட்டு உத்தரம் ஒன்று கிடந்தது. ஒன்றரைச் சிப்பம் அரிசி எடை இருக்கும். பக்கத்தில் ஒரு அட்டை: "இதைத் தனியாகத் தூக்காதீர்கள். யாரையாவது கூப்பிடுங்கள்." அவ்வளவுதான். ஹெட்போனிலும் சத்தம் நின்றுவிட்டது. மகள் இன்னும் மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். நானோ லண்டனில் தெரியாதவரிடம் வழி கேட்கவே கூச்சப்படுகிற ஆள். ஐந்து நிமிஷம் அட்டையை வாசிப்பதுபோல நின்றேன். தாண்டிப் போய்விடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள்.

கடைசியில், சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்த ஒரு தாடிக்காரப் பையனைப் பார்த்து உத்தரத்தைக் காட்டினேன். அவன் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு முன்பக்கம் போனான். நான் பின்பக்கம். மஞ்சள் கோடு வரை பத்துப் பன்னிரண்டு அடிதான். அவன் என்னைவிட உயரம், எனக்காகக் குனிந்துகொண்டே நடந்தான். எனக்கு அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது.

ஐந்தாம் ஸ்தலத்தின் சம்பவமாக லூக்கா தன் நற்செய்தியில் எழுதியதும் இதைத்தான். சிரேன் ஊர் சீமோன் மேல் சிலுவையை வைத்து, இயேசுவுக்குப் பின்னால் சுமந்துவரச் செய்தார்கள். எத்தனை வருஷமாக வாசித்த வரி! பின்னால் வருகிறவனுக்கு முகம் தெரியாது என்பது எனக்கு உறைத்ததே இல்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். யாருடைய சிலுவை என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

கோட்டைத் தொட்டதும் இறக்கினோம். அவன் மணிக்கட்டை உதறிவிட்டு, தலையசைத்துவிட்டுப் போய்விட்டான். பெயர்கூடக் கேட்கவில்லை. எனக்குத் தோள்பட்டை எரிந்தது. "உமது பாரமான சிலுவையைக் கொண்டு" என்று தவக்காலத்து வெள்ளிதோறும் சொல்லி வளர்ந்தவன் நான். எங்கள் பங்குக் கோயிலில் ஊர்வலத்துக்கு எடுக்கும் சிலுவையோ உள்ளே கூடான பலகை. யார் தூக்குவது என்று அடித்துக்கொள்வோம், ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் ஒற்றைக் கையில் தூக்கிவிடுவான். "பாரமான" என்ற சொல்லை 58 வயதில்தான் எடை போட்டுப் பார்த்தேன்.

பதினோராவதையும் சொல்லியாக வேண்டும். கட்டையில் ஆணி அடிக்கிற ஸ்தலம். முதல் அடியிலேயே ஆணி வளைந்துவிட்டது. பிடுங்கிவிட்டு வேறொன்றை வைத்து, கவனமாக, கட்டைவிரலைக் காப்பாற்றிக்கொண்டு அடித்தேன். நேராக இறங்கியது. நல்ல வேலை செய்த திருப்தி வந்தது, பாருங்கள், அது வந்து போன பிறகுதான் எந்த ஸ்தலத்தில் நிற்கிறேன் என்பதே ஞாபகம் வந்தது. சுத்தியலை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பின்னால் இரண்டு சிறுவர்கள் அடுத்த முறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் சிலரிடம் இதைச் சொன்னேன். "பக்தியை விளையாட்டாக்கிவிட்டார்கள்" என்றார்கள். பாதி சரி. கிண்ணமும் கண்ணாடியும் மெஷினும் விளையாட்டுதான். நாம் எப்படி உணர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து கையில் திணிக்கிற விளையாட்டு. உத்தரம் அப்படி எதையும் சொல்லவில்லை. எடையாக இருந்தது, ஒரு ஆளைக் கூப்பிடு என்றது. தாண்டிப் போனவர்களையும் தடுக்கவில்லை. கலைஞர் யாரோ தெரியாது, அந்த ஒன்றுக்காக அவருக்கு ஒரு கும்பிடு.

பத்து நாள் கழித்து, பேரனுக்குக் காட்டலாம் என்று திரும்பப் போனேன். கிண்ணம் இருந்தது, லேவண்டர் வாசனையோடு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கோ காலில் அடிபட்டுவிட்டதாம். உத்தரத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். பழைய அட்டையை எடுத்துவிட்டு வேறு ஒன்று வைத்திருந்தார்கள். தொட வேண்டாம், ஹெட்போனில் கேட்கவும்.