ரோமானிய வீரர்கள் உப்பையா சம்பளமாக வாங்கினார்கள்?
'ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் சம்பளமாக அளந்து கொடுத்தார்கள். அதிலிருந்து வந்ததே சாலரி என்ற ஆங்கிலச் சொல்' என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் பாதிதான் சரி.

சாலரியின் மூலம் லத்தீன் 'சாலாரியம்'. அதற்குள் 'சால்', அதாவது உப்பு, இருப்பது உண்மை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியும் பதவி, படைப்பணி ஆகியவற்றுக்கான சாலாரியத்தின் பெயர் உப்பிலிருந்து வந்தது என்கிறார். ஏன் என்று மட்டும் விளக்கவில்லை. உப்பு மூட்டையைக் கூலியாகக் கொடுத்ததாக அவரும் சொல்லவில்லை, அக்காலத்து வேறு யாரும் சொல்லவில்லை. உப்பு வாங்கக் கொடுத்த படித்தொகை என்பதுகூடப் பிற்கால அகராதிக்காரர்களின் ஊகம்தான்.

வீரர்களின் வழக்கமான ஊதியத்துக்குப் பெயரே வேறு: 'ஸ்டிபெண்டியம்'. அது காசுக் கணக்கு. முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சாதாரணப் படைவீரருக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ். தெனாரியஸ் என்பது வெள்ளி நாணயம். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த ஒரு பாபிரஸைப் (நாணல் தாளில் எழுதிய ஆவணத்தை) பாருங்கள், நம் பே ஸ்லிப்பேதான்! ஒரு வீரருக்கு வரவு 50 தெனாரியஸ். அதில் பார்லி, சாப்பாடு, காலணி, லினன் சட்டை என்று வரிசையாகப் பிடித்தம்.