‘எவ்ரிஒன்’னுக்கு ‘தேர்’ போட்டால் தப்பா?

“எவ்ரிஒன் மஸ்ட் பிரிங் தேர் ஹால் டிக்கெட்” என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் சுழித்து மார்க் குறைக்கும் வழக்கத்தை ஆங்கில ஆசிரியர்கள் விட்டுவிட வேண்டும். காட்பாடியில் டியூஷன் எடுப்பவனாக இதைச் சொல்கிறேன்.

விதி தெரிந்ததுதான். ‘எவ்ரிஒன்’ ஒருமை, அதைச் சுட்டும் சொல்லும் ஒருமையாக இருக்க வேண்டும், அதனால் பன்மையான ‘தேர்’ கூடாது, ஆண்பால் ஒருமையான ‘ஹிஸ்’தான். என் பேட்ச்சில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். அவர்களை உட்கார வைத்துக்கொண்டு போர்டில் ‘ஹிஸ் ஹால் டிக்கெட்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1850-லேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நம் நாட்டின் 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்திலும் அது உண்டு. சட்டம் வாசிக்க அது உதவும், சரி. ஆனால் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலேயர்கள் ஒருவரைச் சுட்ட ‘தே’, ‘தேர்’ என்று எழுதி வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழிகாட்டும் அமெரிக்க உளவியல் சங்கக் கையேடும் 2019-இல் அதை ஏற்றுக்கொண்டது.

நமக்கு இது புதிதும் அல்ல. ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கண நெறி இல்லை, வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலிலேயே சொல்லிவிட்டது. “அப்பா வந்தார்” என்பதை இன்று யார் வழு என்கிறார்கள்?

திருத்த வேண்டிய ‘தே’ வேறு. “மை மதர் ஈஸ் எ டெய்லர். தே ஸ்டிச் ப்ளவுசஸ்” என்று எழுதுகிறார்கள். கேட்டால், “அம்மாவை எப்படி சார் அவள்னு எழுதறது?” என்கிறாள் ஒரு பெண். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ‘ஷீ’யில் மரியாதைக் குறைவு இல்லைம்மா, ‘தே’ என்றால் படிக்கிறவர் அம்மாவோடு வேறு யார் யார் தைக்கிறார்கள் என்று தேடுவார் என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ‘எவ்ரிஒன்’ என்பது இன்னார் என்று குறிக்காத ஆள். அங்கே ‘தே’ பொருந்தும். இங்கே இருப்பது அவளைப் பெற்ற அம்மா.

அப்புறம், “கீதா டோல்ட் மாலா தட் ஷீ ஹேட் பாஸ்ட்” என்ற வாக்கியம். எண்ணும் பாலும் கச்சிதம். பாஸானது கீதாவா மாலாவா? இதற்கு யாரும் மார்க் குறைப்பதில்லை. குழப்பம் இங்கேதான் இருக்கிறது, பாடம் நடத்தும் நேரத்தையும் இங்கேதான் செலவிட வேண்டும்.

போட்டித் தேர்வில் ‘எவ்ரிஒன்’ கேள்விக்கு ‘ஹிஸ் ஆர் ஹெர்’ ஆப்ஷனில் இருந்தால் அதையே டிக் பண்ணுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு மார்க்கும் வேலை சம்பந்தப்பட்டது. வினாத்தாள் தயாரிப்பவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கைவிட வேண்டும்.