ஒரே பீட்டாம், அதனால காப்பியாம்

நேத்து குரூப்ல நடந்தத பாத்தவங்களுக்கு எதப்பத்தி பேசுறேன்னு தெரியும். ஒரே பீட்டு மேல பல ஜமைக்கா பாடகர்கள் பாடுன டிவாலி ரிடிம் ஆல்பத்த நான் ஷேர் பண்ணது அவ்ளோ பெரிய குத்தமா? "ஒரே மியூசிக்க போட்டு ஆளாளுக்கு பாடி வெச்சிருக்கானுங்க, காப்பி அடிக்கக்கூட சோம்பேறித்தனம்"னு ஒரு அண்ணன் தீர்ப்பு எழுதிட்டாரு. கீழ வரிசையா ஹாஹா.

அண்ணே, அது காப்பி இல்ல. ஜமைக்கால பாட்டு பண்ற முறைகள்ல அதுவும் ஒண்ணு. பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேத்து ஒரு புரொட்யூசர் ரிடிம், அதாவது பாட்டுக்கு அடில ஓடுற மியூசிக்க பண்ணுவாரு, அப்புறம் ஒவ்வொரு பாடகரா வந்து அதுமேல சொந்த மெட்டுல சொந்த வரிய பாடுவாங்க. 1974லயே ரூப்பி எட்வர்ட்ஸ்ங்கற புரொட்யூசர் ஒரே ரிடிம்ல முழு எல்பி ரெக்கார்டே போட்டாச்சு. 1985ல கேசியோ எம்டி-40 கீபோர்டுல இருந்த ரெடிமேட் பீட்ட பாடகர் வெய்ன் ஸ்மித் தூக்கிட்டு வர, புரொட்யூசர் கிங் ஜாமி அத ஸ்லோ பண்ண, ஸ்லெங் டெங்ங்கற ரிடிம் பொறந்துச்சு, அப்புறம் அது மேல பாடாத ஆள் யாருன்னு தேடணும். எல்லாருக்கும் ஒரே பீட்டுங்கறதுதான் இங்க போட்டியே, யார் குரல் நிக்குதுன்னு டான்ஸ் பார்ட்டில பாட்டு போடுற செலக்டர் அடுத்தடுத்து போடும்போது தெரிஞ்சிரும். காப்பி இல்ல, காப்பி இல்ல.

டிவாலி 2002ல புரொட்யூசர் லென்கி மார்ஸ்டன் பண்ணது. அதுல வர்ற கைத்தட்டல் பீட்டு மேல ஷான் பால் பாடுனது கிளப் பாட்டு, 2003ல அமெரிக்கால நம்பர் ஒன். அதே தட்டல் மேல வெய்ன் வொண்டர் காதல்ல உருகுறாரு, பவுண்டி கில்லர் ஏழையா பொறந்து ஏழையாவே வளந்த கதைய சொல்றாரு. மூணும் ஒண்ணா அண்ணே?

எங்க அத்தை பையன் லண்டன்லேர்ந்து அந்த சிடிய கொண்டாந்தப்ப வீடு பூரா அதான் ஓடுச்சு. அம்மா கிச்சன்லேர்ந்து "இன்னுமாடா அந்தப் பாட்டு முடியல?"ன்னாங்க. வெய்ன் வொண்டர் ஆரம்பிச்சதும் "இவன் குரல் நல்லாருக்கே, யாருடா?"ன்னாங்க. ஒரு வார்த்தை புரியாத எங்கம்மாவுக்கே வித்தியாசம் தெரிஞ்சுது.

"எல்லா ரிடிம் ஆல்பமும் நல்லாருக்கா?"ன்னு வருவீங்க. இல்லதான், பாதி ஒப்பேத்தல், சரி. "இது டான்ஸ்ஹால், ரெகே இல்ல"ன்னு இன்னொருத்தர் வருவாரு, டான்ஸ்ஹாலும் அதே ஜமைக்காவோட ரெகே இசை பெத்த புள்ளதான், போய் வேலையப் பாருங்க. "நம்ம ஊர் பாட்டெல்லாம் உனக்கு இனிக்கலையா?"ங்கறவங்களுக்கு பதிலே கிடையாது.

காப்பி பத்தி அவ்ளோ அக்கறைன்னா இதுக்கு கோவப்படுங்க: ஸ்டீலி அண்ட் கிளீவிங்கற ஜமைக்கா புரொட்யூசர் ஜோடி 1989ல பண்ண ஃபிஷ் மார்க்கெட் ரிடிம் இன்னிக்கு உலகம் பூரா ஓடுற ரெகேடோன்ங்கற ஸ்பானிஷ் டான்ஸ் பாட்டுக்கு அடில துடிக்குதுன்னு அவங்க தரப்பு 2021ல கோர்ட்டுக்கு போக வேண்டியதாச்சு. அதுக்குள்ள ஸ்டீலி செத்தே போயிட்டாரு. உங்க ஜிம்ல ஓடுறது அந்த பீட்டுதான், அப்ப எங்க போச்சு உங்க ஹாஹா?

அண்ணன் யாரோ, தெரியாதவரு, அவர விடுங்க. ஹாஹா போட்டவங்கள்ல ரெண்டு பேரு என் கார்லயே உக்காந்து அந்த டிவாலி பாட்டுக்கு ஆடுனவனுங்க. அவனுங்களுக்கும் சேத்துதான் எழுதுறேன், இதுக்கும் ஒண்ணு போட்டுட்டு போங்கடா.